குதிரைத்தடமும் குளக்கரையும்

வாவிக்கரையிலே கூடாரமடித்து இரண்டு இரவு தங்குவது. பகலிலே குதிரைமீதேறி மலைத்தடத்தில் உலாவி வருவது. இவ்விரண்டுக்கும் ஒருசேர இடந்தரும் பூங்காக்கள் மேனாடுகளில் உண்டு. எங்கள் பாடசாலை நூலகத்திலுள்ள பழைய படப்புத்தகமொன்றில் அத்தகைய காட்சியைக் கண்ட ஒன்பதாம் வகுப்பு மாணாக்கர், "நாங்களும் போகலாமா, சேர்?" என்று கேட்டுவிட்டனர். லுணுகலைத் தோட்டப் பிள்ளைகள் போய்வரத்தக்க இடம் எது என்று அன்று தேடப் புகுந்தேன். தேடியதோ ஒன்று, கிடைத்ததோ பலவாயிற்று.

குதிரை என்றதும் நினைவுக்கு வருவது நுவரெலியா. ஆள்பதி வில்லியம் கிறகரியின் காலத்தில், 1873ஆம் ஆண்டில் அமைந்த கிறகரி வாவியின் கரையிலே, கூலிக்குக் குதிரையேற்றும் வழக்கம் உண்டு. அவ்வூரில் குதிரைப் பந்தயம் 1875இலேயே தொடங்கிவிட்டது. பதுளையிலிருந்து வெலிமடை வழியாக பஸ்ஸிற் போகலாம். ஆனால் சித்திரை மாதத்தில் அங்கே கால்வைக்க இடமிராது. எதற்கும் இருமடங்கு விலை. மாசி மாதத்திலோ வானம் தெளிந்திருக்கும், இரவில் உறைபனி விழும். கம்பளி இல்லாத பிள்ளைகளைக் கூடாரத்தில் படுக்கவைக்கும் துணிவு எனக்கில்லை. ஆகவே நுவரெலியா பகற்பயணத்துக்கே உகந்தது என முடிவுசெய்தேன்.

இதனைத் தோட்டத்துப் பெரியவர் ஒருவரிடம் கூறினேன். எண்பதைத் தாண்டியவர். அவர் சிரித்தார். "குதிரைப் பாதையைத் தேடி நுவரெலியாவுக்கா போறீங்க, வாத்தியார் ஐயா? நீங்க நிக்கிறதே குதிரைப் பாதைதானுங்க" என்றார்.

உண்மைதான். 1924இல் புகைவண்டி பதுளையை அடையும் முன்னரும், மோட்டார் வண்டிக்கேற்ற தெருக்கள் போடப்படும் முன்னரும், கோப்பிக்காலத் துரைமார் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குக் குதிரைமேற் சென்றனர். அதற்கென மலைச்சரிவை வளைந்து வளைந்து ஏறும் தடங்கள் வெட்டப்பட்டன. குதிரைக்கு மூச்சு முட்டாத ஏற்றம் அவற்றின் இலக்கணம். மடூல்சீமைப் பக்கத்திலும் பசறைப் பக்கத்திலும் தேயிலைக்கு நடுவே மெல்லென உயரும் பழைய பாதை எதையேனும் கண்டால், அது யாருடைய காலுக்காக வெட்டப்பட்டதென்று சற்றே எண்ணிப் பாருங்கள். கொழுந்துக்கூடையைச் சுமப்பவள் இன்றும் ஏறுவது செங்குத்தான குறுக்குவழியில்.

பெரியவரின் பாட்டனார் அக்காலத்துக் குதிரைக்காரர். துரை ஏறிச் செல்ல, இவர் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டோ பின்னாலோ ஓடவேண்டும். "தாத்தா ஆயுசு பூரா குதிரையோட நடந்தாருங்க. ஒருநாள்கூட ஏறுனதில்லை" என்றார் பெரியவர். தமிழிலே குதிரை கட்டுமிடத்துக்கு லாயம் என்று பெயர். நம் மக்கள் வாழும் வரிசை வீட்டுக்கு லயம் என்று பெயர். பின்னது 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபென்பதை அறிவேன். ஆயினும் ஒரு நெட்டெழுத்து குறைந்ததைத் தவிர வேறென்ன வேற்றுமை என்று அவர் கேட்டபோது இலக்கணம் பேச எனக்கு வாய் வரவில்லை.

அக்காலத்துக் குதிரைவீரருள் ஊவாவில் பெயர் நிலைத்தவர் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ். பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். அவர் சுட்டு வீழ்த்திய யானைகள் ஆயிரத்து நானூறுக்கு மேல் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 1845 ஜூன் மாதத்தில் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். பதுளை சென் மார்க் தேவாலயத்தில் அவர் நினைவுக்கல் இருக்கிறது. யானைகளுக்கு நினைவுக்கல் கிடையாது. ஆனால் அவற்றின் வழித்தோன்றல்கள் நீந்துவதைக் காணலாம். அதற்குத்தான் நாம் குளக்கரைக்குப் போகிறோம்.

லுணுகலையிலிருந்து செங்கலடித் தெருவிலே இறங்கினால் பிபிலை. அங்கிருந்து நில்கலைப் பக்கமாகச் சென்றால் கல்லோயா தேசியப் பூங்கா. நில்கலைப் புல்வெளியில் கடுக்காய், தான்றி, நெல்லி மூன்றும் வளர்கின்றன. திரிபலை என்று மருத்துவப் பாடத்திற் படித்ததைப் பிள்ளைகள் மரத்திலேயே காணலாம். 1954இல் அமைந்த இப்பூங்காவின் நடுவே கிடப்பது சேனாநாயக்க சமுத்திரம். வறண்ட மாதங்களில் யானைகள் தும்பிக்கையை உயர்த்திக்கொண்டு ஒரு தீவிலிருந்து மற்றொரு தீவுக்கு நீந்திச் செல்லும். படகிலிருந்து அதனைப் பார்க்கலாம்.

இந்நீர் எங்கிருந்து வருகிறது? கல்லோயாவைத் தமிழர் பட்டிப்பளை ஆறு என்பர். பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளிலே பிறந்து, 108 கிலோமீற்றர் ஓடிக் கீழைக்கடலிற் சேர்கிறது. நம் தோட்டத்து மழை முழுவதும் அங்கே போகிறதென்று சொல்லமாட்டேன்; லொக்கல் ஓயாவின் நீர் மகாவலியை நாடும். ஆயினும் நம்மைச் சூழ்ந்த மலைகளின் நீரே அச்சமுத்திரத்தை நிறைக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குப் படம் வரைந்து காட்டியபோது, அதுவரை தூங்கிவழிந்த பின்வரிசையும் நிமிர்ந்தது.

பெயரிலும் ஒரு கதை உண்டு. 1949இல் கல்லோயாத் திட்டத்தைத் தொடக்கிய முதற் பிரதமர் டி. எஸ். சேனாநாயக்க, 1952 மார்ச் 21ஆந் திகதி காலிமுகத்திடலிற் குதிரைச் சவாரி செய்கையில் வீழ்ந்து மறுநாள் காலமானார். குதிரையும் குளமும் ஒரு பெயரிலே கூடுவதைப் பாருங்கள். அவருடைய அரசாங்கத்தின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்ட மக்களை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. எஞ்சியோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. கல்லோயா என்றவுடன் முதியோர் சிலர் முகஞ்சுளித்தனர். 1956 ஜூனில் அக்குடியேற்றத்தில் தமிழர்மீது நடந்த வன்முறையை அவர்கள் மறக்கவில்லை. அவர்களுக்கு நான் சமாதானம் கூறவில்லை. பிள்ளைகளுக்கும் இதனை மறைக்கவில்லை. குளக்கரையிலே ஒரு மாலை இதற்கே ஒதுக்கப்பட்டுள்ளது.

இனி ஏற்பாடுகள். பூங்காவினுள் நினைத்த இடத்தில் கூடாரமடிக்கலாகாது. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி பெற்று, குறித்த இடத்திலேதான் தங்கவேண்டும். யானைத்தடத்தில் கூடாரம் கூடாது. பழுத்த வாழைக்குலையும் பலாப்பழமும் கொண்டுபோகவே கூடாது. மணம் யானையை அழைத்துவிடும். குளத்திலே முதலைகள் இருப்பதால் குளியலுக்கும் தடை. ஆகஸ்ட் விடுமுறையிற் போவதாகத் திட்டம். அப்போது கச்சான் காற்று வீசும். மானாப்புல் காய்ந்து நிற்கும். ஒரு தீப்பொறி மலையையே எரித்துவிடும். ஆகையால் பாசறைத் தீயைச் சுற்றிப் பாடுவது என்னும் ஆசையை நானே முதலிற் கைவிட்டேன். நிலவு காயும் நாளைப் பார்த்து வைத்திருக்கிறேன், அது போதும். உணவு ரொட்டியும் சம்பலும், பருப்பும். செலவைப் பற்றி அதிகம் எழுதவில்லை. பெற்றோரின் நாட்கூலியை அறிந்தவருக்கு அது விளங்கும்.

எல்லாம் எழுதி முடித்து வகுப்பிலே வாசித்தேன். ஒரு பையன் எழுந்தான். "சேர், எங்க லயத்திலே ஒரு அறையிலே ஆறு பேர் படுக்கிறோம். மழைக்கு ஒழுகுது. அதைவிட்டுப் போய்க் கூடாரத்திலே படுக்க எதுக்குக் காசு?" என்றான். வகுப்பு சிரிக்கவில்லை. நானும் விடை கூறவில்லை. சிறிது நேரத்தின்பின் பக்கத்திலிருந்த சிறுமி, "அங்கே நாங்க கூடாரத்தை நெனச்ச நேரம் கழட்டிக்கலாம்ல" என்றாள். பையன் பெயர் கொடுத்துவிட்டான்.

ஆகஸ்ட் மாதம் குளக்கரை. வருகிற மாசியில் ஒருநாள் நுவரெலியா. குதிரையைப் பின்புறமாக அணுகலாகாது, நேர் பின்னால் நிற்பது அதன் கண்ணுக்குத் தெரியாது. இடப்புறமிருந்தே ஏறவேண்டும் என்பதையெல்லாம் மாணாக்கருக்கு இப்போதே சொல்லிவருகிறேன். குளக்கரைக்கு முன்னோட்டமாகச் சென்ற சனிக்கிழமை பழைய குதிரைத்தடத்தில் நடந்தோம். பெரியவரும் கோலூன்றிக்கொண்டு உடன் வந்தார். ஒரு திருப்பத்திலே நின்று, பாட்டனார் குதிரைக்குத் தண்ணீர் காட்டிய பீலியைக் காட்டினார். நீர் இன்னும் விழுகிறது. திரும்பி வரும்போது என்னைத் தனியே அழைத்து, "மாசியிலே போற பஸ்ஸிலே எடம் இருக்குமாங்க? ஒரு தடவை ஏறிப் பாத்துடலாம்னு" என்றார். நாற்பத்தோராவது பெயராக அவரைச் சேர்த்திருக்கிறேன்.