கூடத்திலே ஒரு ரெயில் பாதை

மீஞ்சூரில் தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்குக் கடிகாரம் எதற்கு? கும்மிடிப்பூண்டி லோக்கல், கூடூர் வழியாக வடக்கே விரையும் எக்ஸ்பிரஸ், சரக்கு வண்டி என்று நாள் பூராவும் ஜன்னல் அதிர்ந்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்ட ஊர்க் குழந்தை, "அம்மா, நம்ம வீட்டிலேயே ரெயில் விடணும்" என்று கேட்டால் ஆச்சரியமென்ன? அப்பாவும் கூடச் சேர்ந்துகொள்வார். சாப்பாட்டு மேஜை பறிபோகும். "என்னங்க, இலையை ஸ்டேஷன் மேலேயா போடறது?" என்று நீங்கள் கேட்க வேண்டிவரும்!

ஆனாலும் இதைப் புருஷர்களின் சொத்து என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஜெர்மனியில் 1859-ல் தொடங்கிய மார்க்லின் கம்பெனி முதலில் செய்தது பொம்மை வீட்டுச் சாமான்களைத்தான். 1866-ல் கணவர் காலமானபின் வியாபாரத்தைத் தாங்கி நின்றவர் கரோலின் அம்மாள். அவருடைய பிள்ளைகள் 1891-ல் லைப்ஸிக் சந்தையில், துண்டு துண்டாக இணைக்கும் தண்டவாளத்தில் சாவி கொடுத்தால் ஓடும் ரெயிலைக் காட்டினார்கள். நம் தேசத்தில் புனாவிலே, ஜோஷி என்பவரின் குட்டி ரெயில் காட்சிசாலை 1998-ல் திறக்கப்பட்டது.

ஆசையாக வாங்கிய ரெயில் இரண்டே மாதத்தில் பரணுக்குப் போய்விடுகிறதே, ஏன்? எஞ்சின்மேல் பழி போடுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி பாதைதான். ஒரே இடத்தில் தினமும் கவிழ்ந்தால் குழந்தைக்கு மனசு விட்டுப் போகாதா?

முதலில் பலகை. மீஞ்சூருக்குக் கடல் அதிக தூரமில்லை. ஈரக் காற்றில் மரம் உப்பும், வெயிலில் சுருங்கும். பிளைவுட்டுக்குக் கீழே சட்டம் அடித்து, இரண்டு பக்கமும் பெயிண்ட் பூசிவிடுங்கள். அதன்மேல் மெல்லிய கார்க் ஷீட் ஒட்டினால் சத்தம் அடங்கும். மத்தியானத் தூக்கம் உங்களுக்குத்தானே வேண்டும்!

அடுத்தது வளைவு. அதிகமாகப் புழங்கும் ஹெச்.ஓ. அளவில் எல்லாம் 87-ல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மில்லிமீட்டர். இது ஐரோப்பிய அகலத்தின் கணக்கு. நம் அகலப் பாதையின் 1,676 மில்லிமீட்டருக்கு 19-க்கு மேல் வர வேண்டும். போகட்டும், வீட்டில் யார் அளக்கப் போகிறார்கள்? நிஜத்தில் 21 மீட்டர் நீளமுள்ள பெட்டி இங்கே 24 சென்டிமீட்டர். நம் லோக்கலைப் போல 12 பெட்டி கோத்தால் கிட்டத்தட்ட 3 மீட்டர். 8 அடிப் பலகை போதாது. 4 பெட்டியோடு திருப்திப்பட வேண்டியதுதான். வளைவின் ஆரம் 18 அங்குலத்துக்குக் குறையவே கூடாது. நீளமான பெட்டிக்கு 22 இருந்தால் உத்தமம். அப்போது 4 அடி அகலப் பலகையில் ஓரத்துக்கு இரண்டிரண்டு அங்குலமே மிஞ்சும். கவிழ்ந்த எஞ்சின் தரையில் விழாமலிருக்க விளிம்பில் சிறு தடுப்பு வையுங்கள். வலம் திரும்பிய பாதையை உடனே இடம் திருப்பாமல், நடுவில் ஒரு பெட்டி நீளமாவது நேராக விட வேண்டும்.

இனி இணைப்பு. இங்கே பெண்களின் கைதான் ஜெயிக்கும். ரவிக்கைத் தையலைத் தடவிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு மூட்டையும் நகத்தால் தடவுங்கள். நகம் தட்டினால் சக்கரமும் தட்டும். அறுத்த முனையை அரத்தால் மழுக்கி, நேர்ப்பாதை மூட்டுகளில் மயிரிழை இடைவெளி விடுங்கள். பலகை சுருங்கினாலும் தண்டவாளம் நெளியாது. ஆணியை அழுத்தி அடித்தால் ஸ்லீப்பர் குழிந்து பாதை குறுகிவிடும். தலை தொட்டதும் நிறுத்திவிடுங்கள்.

மின்சாரம் என்றதும் பயம் வரும். தண்டவாளத்தில் ஓடுவது 12 வோல்ட்தான். சுவரில் செருகும் பெட்டிதான் ஆபத்து. அதைப் பிரிக்கக் குழந்தையை விடவே கூடாது. பற்றவைக்கும் ஈயத்தைத் தொட்ட கையோடு முறுக்கு எடுக்கவும் விடாதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவட்டும். மூட்டுத் தகடுகளை மாத்திரம் நம்பாமல், இரண்டு மூன்று இடங்களில் தனிக் கம்பி கொடுத்தால் எஞ்சின் மூலையில் சோர்ந்து நிற்காது.

ஜல்லி கொட்டக் குழந்தை அவசரப்படும். பொறுக்கச் சொல்லுங்கள். முதலில் ஒரு பெட்டியை விரலால் தள்ளி முழுச் சுற்றும் விடட்டும். பிறகு எஞ்சினை முன்னும் பின்னுமாக ஒரு வாரம் ஓட்டட்டும். கவிழும் இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் குறி போட்டுத் திருத்தியான பிறகே பொடி ஜல்லியைத் தூவி, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அதற்கு மருந்துக் கடையில் விற்கும் கண் மருந்துச் சொட்டுக் குழாய் போதும்.