வில்கமுவ இரத்தமும் பேராதனைப் பட்டமும்

மாத்தளை என்றதும் மிளகும் கறுவாவும் முத்துமாரியம்மன் தேரும்தான் பேச்சில் வரும். நக்கிள்ஸ் மலைக்குக் கிழக்கே, அதே மாவட்டத்துக்குள் இருக்கும் வில்கமுவ யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வராது. உலர்வலயம், நெல்வயல், கிணற்றுத் தண்ணீர். அங்குள்ள விவசாயிகளின் சிறுநீரகம் பற்றி அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள்.

1990களில் வடமத்திய மாகாண வைத்தியர்கள் ஒரு புதிரைக் கண்டார்கள். நீரிழிவும் இல்லை, உயர் இரத்த அழுத்தமும் இல்லை; ஆனாலும் வயலில் வேலை செய்தவர்களின் சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருந்தது. காரணம் பிடிபடாததால், காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்றே பெயர் வைத்தார்கள். மாகாண எல்லையை மதிக்காத அந்த நோய் வில்கமுவயிலும் இருந்தது.

இதற்குள் இறங்கியவர்களில் மருத்துவர்கள் மட்டுமல்ல, பாறைகளைப் படித்தவர்களும் இருந்தார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியலாளர்கள் சி. பி. திசாநாயக்கவும் ரோஹன சந்திரஜித்தும் மருத்துவப் புவிச்சரிதவியல் என்ற துறைக்கு 2009இல் ஓர் ஆங்கிலப் பாடநூலே எழுதினார்கள். கண்டி சிறுநீரக வைத்திய நிபுணர் நிஷாந்த நாணாயக்கார, சமூகவியலாளர் டியூடர் சில்வா ஆகியோர் கனெக்டிகட்டின் பென்னி விலாஹோஸ், ஸ்டீபன் ஷென்சுல் ஆகியோருடன் சேர்ந்த ஆய்வுத்திட்டம் 2019இல் வெளியானது. ஒருமுறை இரத்தம் எடுத்துவிட்டுப் போகாமல், வில்கமுவ நோயாளரைத் தொடர்ந்து பார்த்து, யாருக்கு நோய் வேகமாக முற்றுகிறது, ஏன் என்று கேட்கும் திட்டம் அது. கடின நீர், புளோரைட், களைகொல்லி, வெயிலில் உடல் வற்றுதல் என்று சந்தேகப் பட்டியல் நீளம். கிளைபொசேட் களைகொல்லியை 2015இல் தடைசெய்து, 2018இல் தளர்த்தி, 2022இல் தடையை நீக்கிய கதையும் நமக்குத் தெரியும். விஞ்ஞானம் வாய் திறக்கும் முன்னே வர்த்தமானி பேசிவிட்டது.

ஆராய்ச்சி இப்படி ஊர்ப் பிரச்சினையிலிருந்து கிளம்பும்போது பட்டப்படிப்பு மட்டும் ஏன் கட்டடத்திலிருந்து கிளம்ப வேண்டும்? பேராதனை மருத்துவபீடத்தில் பீடாதிபதியாக இருந்த ஔடதவியல் பேராசிரியர் சேனக பிபிலேயின் கேள்விகள் கட்டடத்துக்குள் நிற்கவில்லை. எந்த மருந்து தேவை, எது வெறும் வணிகப் பெயர் என்று அவர் எழுப்பிய கேள்வியின் வழியில்தான் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. முதல் தலைவரும் அவரே.

இன்று பேராதனையின் இணைச் சுகாதார விஞ்ஞான பீடம் தாதியியல், மருந்தகவியல், இயன்மருத்துவம், கதிர்ப்படவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் ஆகியவற்றில் நான்காண்டுப் பட்டம் தருகிறது. கடைசியாகச் சொன்னதுதான் வில்கமுவக்கு உடனடியாக வேண்டியது. இரத்த மாதிரிக் குழாய் ஒன்றை வில்கமுவயிலிருந்து ஹசலக்க வழியாகப் பதினெட்டு வளைவு ஏற்றிக் கண்டிக்குக் கொண்டுபோவதாக வைத்துக்கொள்வோம். சீரத்தைப் பிரிக்கத் தாமதமானாலோ, குலுக்கலில் செங்கலங்கள் உடைந்தாலோ, அவற்றுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசியும். அறிக்கையில் பொட்டாசியம் கூடிக் காட்டும். சிறுநீரக நோயாளிக்குப் பொட்டாசியம் கூடினால் இதயமே நின்றுபோகலாம் என்பதால், அந்த எண்ணைப் பார்த்த வைத்தியர் பதறத்தான் செய்வார். நோய் எது, பயணத்தின் குளறுபடி எது என்று பிரித்துச் சொல்ல, இரத்தம் எடுத்த இடத்திலேயே படித்த ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவர் வில்கமுவப் பிள்ளையாகவே இருந்தால் நல்லது. வழி அவ்வளவு எளிதல்ல. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு என்பது பழகிப்போன கணக்கு. அந்த 16இல் மாத்தளை இல்லை. ஆகவே வில்கமுவப் பிள்ளையும், எல்கடுவத் தோட்டத்தில் தமிழில் உயிரியல் படிக்கும் பிள்ளையும் மாத்தளை நகரத்துப் பெரிய பாடசாலைகளோடு அதே மாவட்டக் கோட்டாவுக்குத்தான் இசட் புள்ளியில் மோத வேண்டும். உள்ளே போனால் பாடம் ஆங்கிலத்தில்.

கோட்டாவை மாற்றுவது கொழும்பின் வேலை, காலம் எடுக்கும். மாத்தளைக்கு ஒரு புதுப் பீடம் கேட்பதும் தேர்தல் மேடைக்குத்தான் நன்றாக இருக்கும். அதுவரை, ஆய்வுகூட விஞ்ஞான மாணவர்களின் இறுதியாண்டு ஆய்வுகளில் சிலவற்றை வில்கமுவப் பகுதி வைத்தியசாலைகளில் நடத்தலாமே. இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்க ஓர் இயந்திரம், ஒரு குளிர்பெட்டி, மேற்பார்வைக்கு ஒரு விரிவுரையாளர், மாணவர்கள் தங்க ஓர் அறை. கேட்க வேண்டியது இவ்வளவுதான்.