நூறு வயதில் கையேந்திய ஜெனரல் மோட்டார்ஸ்

2008 செப்டம்பர் 16. டெட்ராய்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் நூற்றாண்டு விழாவைக் கொண்டாடியது. வோல்ட் என்ற மின்சாரக் காரை மேடையேற்றி, அடுத்த நூறு ஆண்டுகளைப் பற்றிப் பேசினார்கள். அதற்கு முந்தைய நாள்தான் நியூயார்க்கில் லேமன் பிரதர்ஸ் திவாலாகியிருந்தது. ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. 2009 ஜூன் 1 அன்று ஜெனரல் மோட்டார்ஸே திவால் மனுவோடு நீதிமன்றப் படியேறியது. சொத்து 8,229 கோடி டாலர், கடனும் பிற பொறுப்புகளும் 17,281 கோடி டாலர் என்று அந்த மனு சொன்னது. 1931இல் தொடங்கி 77 ஆண்டுகள் உலகிலேயே அதிக வாகனங்கள் விற்ற நிறுவனத்தின் கணக்கு அது.

பொருளாதாரம் சுணங்கினால் முதலில் அடிவாங்குபவற்றில் ஒன்று கார். அரிசியை ஒத்திப்போட முடியாது, மருந்தை ஒத்திப்போட முடியாது. ஓடுகிற காரை இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம். வேலை போய்விடுமோ என்ற பயம் வந்துவிட்டால் போதும், வேலை போகாதவரும் ஷோரூம் பக்கம் போகமாட்டார். அமெரிக்காவில் 2007இல் சுமார் 1.6 கோடி வாகனங்கள் விற்றன. 2009இல் 1.04 கோடி.

அந்த முறை இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. 2008 கோடையில் பெட்ரோல் விலை கேலனுக்கு 4 டாலரைத் தாண்டியது. டெட்ராய்ட் நிறுவனங்கள் லாபம் பார்த்ததே பெட்ரோலைக் குடிக்கும் பிக்கப், எஸ்.யு.வி. வண்டிகளில்தான். அவை தேங்கி நின்றன. இலையுதிர் காலத்தில் பெட்ரோல் விலை இறங்கியது. ஆனால் அதற்குள் கடன் சந்தை உறைந்துவிட்டது. அமெரிக்காவில் புதுக் கார் என்றால் பெரும்பாலும் கடனில்தான். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்குக் கடன் தந்துவந்த ஜிமேக் நிறுவனம் வீட்டுக் கடனிலும் கைவைத்துச் சுட்டுக்கொண்டிருந்தது. அக்டோபரில் அது கடன் மதிப்பெண் 700க்குக் குறைந்தவர்களுக்குக் கார் கடன் கிடையாது என்று கையை விரித்தது. ஆக, வாங்க வந்தவரையும் திருப்பி அனுப்ப வேண்டிய நிலை.

சரி, விற்பனை மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் செலவையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ளலாமே? கார் தொழிலில் அது நடக்காது. அச்சுகள், பிரஸ் ஷாப், பெயின்ட் ஷாப், புது மாடலுக்குப் பல ஆண்டுகள் முன்பே கொட்டிய பணம் எல்லாம், ஒரு கார் செய்தாலும் லட்சம் கார் செய்தாலும் அப்படியே நிற்கும். யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். ஊர்வலம் இல்லாத நாளிலும் யானை தின்னும்.

பலரும் கவனிக்காத இன்னொரு கணக்கு இருக்கிறது. என் பார்வையில் கழுத்தை நெரித்தது அதுதான். கார் ஆலையை விட்டு டீலருக்குக் கிளம்பியவுடன் கம்பெனிக்குப் பணம் வந்துவிடும். சீட், டயர், ஒயரிங் தந்த சப்ளையருக்கோ ஒன்றரை மாதம், இரண்டு மாதம் கழித்துத்தான் பணம். விற்பனை வளரும்போது இது தேன். அடுத்தவர் பணத்தில் தொழில் நடக்கும். விற்பனை விழுந்தால் சக்கரம் பின்னோக்கிச் சுற்றும். இன்றைய குறைந்த வரவை வைத்து இரண்டு மாதத்துக்கு முந்தைய பெரிய பில்லைக் கட்ட வேண்டும். 2008 ஜூலை முதல் செப்டம்பர் வரை மட்டும் ஜெனரல் மோட்டார்ஸின் கையிருப்பில் 690 கோடி டாலர் கரைந்தது. மிச்சம் 1,620 கோடி. கேட்பதற்குப் பெரிய தொகை. ஆனால் அன்றாடம் கடையைத் திறந்துவைக்கவே குறைந்தபட்சம் 1,100 கோடி தேவை என்று அந்த நிறுவனமே சொன்னது.

இதற்கெல்லாம் தொழிற்சங்கம்தான் காரணம் என்று அப்போது பலமாகப் பேசப்பட்டது. டெட்ராய்ட் தொழிலாளிக்கு மணிக்கு 70 டாலருக்கு மேல் சம்பளம் என்றார்கள். உண்மையில் கையில் வாங்கியது 28 டாலர் அளவில்தான். மற்றச் சலுகைகளோடு, என்றோ ஓய்வு பெற்றவர்களின் ஓய்வூதியத்தையும் மருத்துவச் செலவையும் இன்று வேலை செய்பவர் தலையில் வகுத்ததால் வந்தது அந்த 70. அரசே எல்லோருக்கும் மருத்துவம் பார்க்கும் நாடாக இருந்திருந்தால் இந்தச் சுமை கார் விலையில் ஏறியிருக்காது. அதே சமயம், நல்ல காலத்தில் சம்பள உயர்வுக்குப் பதிலாக ‘ஓய்வுக்குப் பிறகு பார்த்துக்கொள்கிறோம்’ என்று எழுதிக்கொடுத்தது நிர்வாகம்தான்.

நவம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிறைஸ்லர் ஆகிய மூன்றின் தலைவர்களும் வாஷிங்டன் போய் 2,500 கோடி டாலர் கேட்டார்கள். மூவரும் தனித்தனியே கம்பெனி விமானத்தில் வந்து இறங்கியது தெரிந்ததும் நாடே சிரித்தது. டிசம்பரில் டெட்ராய்டிலிருந்து காரிலேயே வந்து, கேட்ட தொகையையும் 3,400 கோடியாக உயர்த்தினார்கள். விமானச் செலவு இந்தக் கணக்கில் தூசு. ஆனால் அதுதான் செய்தியானது. அதற்கான மசோதா செனட் சபையில் தேறவில்லை. வங்கிகளுக்கென்று ஒதுக்கிய நிதியிலிருந்து 1,740 கோடி டாலரை எடுத்துத் தருவதாக டிசம்பர் 19 அன்று அதிபர் புஷ் அறிவித்தார். மார்ச் மாதம் ஒபாமா அரசு ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ரிக் வாகனரைப் பதவி விலகச் சொன்னது.

ஃபோர்டு அரசு தந்த இந்தப் பணத்தைத் தொடவில்லை. திறமை என்பார்கள், நேரம் என்பேன் நான். போயிங்கிலிருந்து ஃபோர்டின் தலைவராக வந்த ஆலன் முலாலி 2006 இறுதியிலேயே ஆலைகளையும், புகழ்பெற்ற நீல முட்டை வடிவச் சின்னத்தையும்கூட அடமானம் வைத்து 2,300 கோடி டாலருக்கு மேல் கடன் திரட்டியிருந்தார். 2008 ஜூனில் ஜாகுவார், லேண்ட் ரோவர் இரண்டையும் டாடாவுக்கு 230 கோடி டாலருக்கு விற்றார். கடன் மலிவாகக் கிடைத்தபோது வாங்கியவர் பிழைத்தார். அடமானம் வைத்த அன்று அது பலவீனத்தின் அடையாளமாகவே பார்க்கப்பட்டது.

அப்படியும், போட்டியாளர்களைக் காப்பாற்றுங்கள் என்று முலாலி நாடாளுமன்றத்தில் வாதாடினார். கருணை அல்ல. மூவருக்கும் உதிரிபாகம் தருபவர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்கள். ஜெனரல் மோட்டார்ஸிடமிருந்து வர வேண்டிய பணம் நின்றால் சப்ளையர் மூடுவார். அவர் மூடினால் ஃபோர்டின் லைனும் நிற்கும், அமெரிக்காவிலுள்ள டொயோட்டா ஆலையும் நிற்கும். பெரிய கார் கம்பெனியை விழவிட எந்த அரசும் தயங்குவதற்குக் காரணம் இதுதான்.

அதே மந்தத்தில் சிலருக்கு யோகமும் அடித்தது. வேலை போனால் காரைத் திருப்பித் தரலாம் என்று 2009 ஜனவரியில் ஹூண்டாய் அமெரிக்காவில் அறிவித்தது. வாங்குபவரின் பயம் அந்த நிறுவனத்துக்குத்தான் சரியாகப் புரிந்தது. பழைய காரைக் கழித்துக்கட்டிப் புதுக் கார் வாங்கினால் 2,500 யூரோ தருவதாக ஜெர்மனி சொன்னதும் அங்கே சிறிய கார்களுக்குக் கிராக்கி எகிறியது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் செய்த ஐ10 கார்கள் அந்த ஆண்டு ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலாகப் போயின.

திவால் மனு போட்ட ஜெனரல் மோட்டார்ஸ் நாற்பதே நாளில், ஜூலை 10 அன்று, புது நிறுவனமாக வெளியே வந்தது. நல்ல சொத்துகள் புதியதுக்கு, பாழான ஆலைகளும் பழைய வழக்குகளும் பழையதுக்கு. அமெரிக்க அரசுக்கு 60.8 சதவீதப் பங்கு. பான்டியாக், சாட்டர்ன், ஹம்மர் மறைந்தன. பழைய பங்குதாரர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் பக்கத்தில் நிற்பவரின் சம்பளத்தில் பாதிக்கு அதே வேலையைச் செய்தார். கிறைஸ்லர் ஃபியட் கைக்குப் போய், இன்று ஸ்டெலான்டிஸில் ஒரு பெயராக இருக்கிறது.

ஜெனரல் மோட்டார்ஸில் அமெரிக்க அரசு போட்டது சுமார் 4,950 கோடி டாலர். கடைசிப் பங்கை அரசு 2013 டிசம்பரில் விற்றபோது 1,000 கோடி டாலருக்கு மேல் நட்டம். கம்பெனி லாபத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் தலைமையகம் இருக்கும் டெட்ராய்ட் மாநகராட்சி அதே ஆண்டு ஜூலையில் திவால் மனு போட்டது. அதற்கு அப்படியொரு மீட்புக் கடனை வாஷிங்டன் கொடுக்கவில்லை.