பெரிய கலப்பின நாயை வளர்த்தலும் பராமரித்தலும்

வளவையும் விளைபொருளையும் காப்பதற்கும், இரவில் தோட்டத்தில் இறங்கும் பன்றி, முள்ளம்பன்றி ஆகியவற்றின் வரவை அறிவிப்பதற்கும் கமக்காரர் பலர் நாய் வளர்க்கின்றனர். அல்சேஷன், லாப்ரடோர், ரொட்வைலர் முதலிய பிறநாட்டு இனங்கள் ஊர் நாயுடன் கலந்து பிறந்த குட்டிகளைச் சிலர் விரும்பி எடுக்கின்றனர். இவற்றுட் பல, முற்றாக வளர்ந்தபின் 25 தொடக்கம் 40 கிலோகிராம் வரை நிறையுடையனவாகும்.

எஞ்சிய சோற்றை உண்டு, முற்றத்தில் படுத்து, தானாகவே வளர்ந்துவிடும் சிறிய ஊர் நாயைப் போன்று இதனை வளர்த்தல் இயலாது. அதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, இதன் எலும்புகள் 15 தொடக்கம் 18 மாதம் வரை வளர்கின்றன. அக்காலத்தில் ஏற்படும் குறைபாடு பின்னர் திருந்துவதில்லை. இரண்டாவது, சிறிய நாயின் கடி காயத்தோடு நின்றுவிடலாம்; பெரிய நாயின் கடி சிறு பிள்ளையின் உயிரையே போக்கக்கூடும். வீட்டுக்குக் காவலாவதும் அயலாருக்கு ஆபத்தாவதும் பெரும்பாலும் முதலாவது ஆண்டில் நாம் வளர்க்கும் முறையிலேயே தங்கியுள்ளன.

குட்டியைத் தெரிவு செய்தல்

8 வாரம் நிறையுமுன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தலாகாது. தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் விளையாடும்போதே அது தன் கடியை அடக்கக் கற்கின்றது. இயலுமாயின் தாய் நாயை நேரிற் பார்த்தல் வேண்டும். மனிதரைக் கண்டு ஒளிக்கும் தாயின் குட்டியையும், காரணமின்றிச் சீறும் தாயின் குட்டியையும் தவிர்த்தல் நன்று. மூலையில் ஒதுங்காமல் நம்மை நாடிவரும், கண் தெளிவான, சுறுசுறுப்பான குட்டியே ஏற்றது.

கலப்பினக் குட்டி எவ்வளவு பெரிதாகும் என்பதைப் பாதத்தின் பருமனைக் கொண்டு நிச்சயித்தல் இயலாது. தாய் தந்தையரின் உருவமே நம்பத்தக்க குறியாகும். நான்கு மாதத்தில் உள்ள நிறையின் இரு மடங்கோ அதனிலும் சற்றுக் கூடுதலோ வளர்ந்த நாயின் நிறையாக இருக்கும் என ஏறக்குறைய மதிப்பிடலாம்.

உணவு

குட்டிக்கு நான்கு மாதம் வரை நாளொன்றுக்கு நான்கு முறையும், ஆறு மாதம் வரை மூன்று முறையும், அதன் பின்னர் காலை மாலை என இரு முறையும் உணவு கொடுத்தல் வேண்டும். குட்டி கொழுத்திருப்பதே அழகு எனப் பலர் எண்ணுகின்றனர். பெரிய இனக் குட்டிக்கு இது தீங்கானது. மிகுந்த நிறை முற்றாத மூட்டுக்களைக் கெடுக்கும். விலா எலும்புகள் கண்ணுக்குத் துருத்தித் தோன்றாமலும், கையால் தடவும்போது எளிதில் தட்டுப்படுமாறும் இருத்தலே சரியான அளவு.

30 கிலோகிராம் நிறையுள்ள வளர்ந்த நாய்க்கு, நாளொன்றுக்குப் பின்வரும் உணவு ஏறக்குறையப் போதுமானது:

சோறு – 600 கிராம்
அவித்த மீன் அல்லது இறைச்சி – 300 கிராம்
அவித்த பூசணி, கரட் முதலியன – 150 கிராம்
தேங்காயெண்ணெய் – ஒரு மேசைக்கரண்டி

நாய் மெலிந்தால் கூட்டியும் பருத்தால் குறைத்தும் கொடுக்கவும். உப்பும் மிளகாய்த்தூளும் சேர்த்த கறியை ஊற்றுதல் கூடாது.

சோறும் இறைச்சியும் மாத்திரம் உண்டு வளரும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்துப் போதாது. கால்கள் வளையும், எலும்பு எளிதில் முறியும். முள் மெதுவாகும்வரை அவித்த நெத்தலி போன்ற சிறு மீன் இக்குறையை ஓரளவு போக்கும். முள்ளோடு கூடிய மீன் கிடையாவிடின், வளர்ந்த நாய்க்கு நன்கு காயவைத்து அரைத்த முட்டைக்கோதுத் தூளில் மட்டமான ஒரு தேக்கரண்டி நாள்தோறும் சேர்க்கலாம். குட்டிக்குரிய அளவை மிருக வைத்தியரிடம் கேட்டே கொடுத்தல் வேண்டும். பெரிய இனக் குட்டிக்கு இச்சத்து மிகுதலும் குறைதலைப் போன்றே தீங்கு செய்யும்.

வெங்காயம் நாய்க்கு நஞ்சாகும் என்பதை வெங்காயச் செய்கையாளர் சிறப்பாக அறிந்திருத்தல் வேண்டும். பச்சையாயினும் சமைத்ததாயினும் அது இரத்தத்தின் செங்கலங்களை அழிக்கின்றது. உள்ளியும் அத்தகையதே. திராட்சைப்பழம் சில நாய்களின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். சமைத்த கோழி எலும்பு கூரிய சிம்புகளாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

ஆழ்ந்த மார்புடைய பெரிய நாய்களுக்கு வயிறு காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும் நோய் உண்டாவதுண்டு. ஒரே வேளையில் பேரளவு உணவை இடுதலும், உண்டவுடன் ஓடவிடுதலும் இதற்கு வழிவகுக்கும். உணவின்பின் ஒரு மணி நேரமாயினும் ஓய்வு கொடுக்க. வயிறு உப்பி, வாந்தியெடுக்க முயன்றும் ஒன்றும் வெளிவராது தவிக்கும் நாயைத் தாமதியாது வைத்தியரிடம் கொண்டுசெல்லல் வேண்டும். சில மணி நேரத் தாமதமும் உயிரைப் போக்கும்.

இருப்பிடமும் கட்டும் முறையும்

கொட்டிலின் தளம் நிலத்திலிருந்து 15 சென்ரிமீற்றராயினும் உயர்ந்து, மழை நீர் புகாததாக இருத்தல் வேண்டும். கிடுகுக் கூரை வெப்பத்தைத் தணிக்கும். வெயிற் காலத்தில் பெரிய நாய் 2 இலீற்றருக்கு மேலும் நீர் குடிக்கும். ஆதலால் பாத்திரத்தில் எந்நேரமும் சுத்தமான நீர் இருத்தல் அவசியம். நண்பகலில் நாயை வயலுக்கு நடத்திச் செல்லல் கூடாது. கடுமையாக இளைத்துத் தள்ளாடும் நாயை நிழலிற் கிடத்தி, உடல் முழுவதும் நீர் ஊற்றி, காற்றுப் படச் செய்து, வைத்தியரிடம் கொண்டுசெல்க.

பகல் முழுவதும் குறுகிய சங்கிலியிற் கட்டப்பட்ட நாய், நாளடைவிற் சினமுற்றுக் கடிக்கும் இயல்பைப் பெறுகின்றது. வேலி இல்லாத வளவில், இரு மரங்களுக்கிடையே 10 மீற்றர் நீளமான கம்பியை ஆளுயரத்திற் கட்டி, அதில் ஓடும் வளையத்தில் சங்கிலியைக் கொளுவலாம். நாய் வேலியையோ கிணற்றுக் கட்டையோ எட்டாதவாறு கம்பியில் தடை வைத்தல் வேண்டும். இன்றேல் அது பாய்ந்து தொங்கி இறக்க நேரிடும். கழுத்துப்பட்டியினுள் இரு விரல் நுழைதல் வேண்டும். வளரும் குட்டியின் பட்டியைக் கிழமைதோறும் பார்த்துத் தளர்த்துக.

பழக்குதல்

குட்டியின் மூன்றாம் வாரந் தொடக்கம் பதினான்காம் வாரம் வரையுள்ள காலமே அதன் குணம் அமையும் காலம். அக்காலத்தில் அது பிள்ளைகளையும், முதியோரையும், துவிச்சக்கர வண்டியையும், உழவு இயந்திரத்தின் ஓசையையும், ஆடு மாடு கோழிகளையும் அமைதியாக அறிந்துகொள்ளல் வேண்டும். இவற்றை அறியாது வளரும் நாய், பின்னர் அவற்றைக் கண்டு அஞ்சும். அஞ்சும் நாயே பெரும்பாலும் கடிக்கும். தடுப்பூசிகள் நிறைவுறும் வரை, அறியாத நாய்கள் திரியும் இடங்களில் குட்டியை விடாது, கையில் ஏந்திச் சென்று காட்டலாம்.

‘வா’, ‘இரு’, ‘விடு’ என்னும் மூன்று ஏவல்களைச் சிறிதளவு உணவைக் கூலியாகக் கொடுத்துக் கற்பிக்கவும். வீட்டார் அனைவரும் ஒரே சொல்லை வழங்குதல் வேண்டும். அடித்துப் பழக்கிய நாய் அடிப்பவன் இல்லாதபோது அடங்காது. காவலுக்கு உதவும் என்றெண்ணிச் சிறு குட்டியை வழிப்போக்கர் மீது ‘சூ’ என்று ஏவி விளையாடுவோர் உளர். குட்டி 5 கிலோகிராமாக இருக்கும்போது சிரிப்பை விளைக்கும் இப்பழக்கம், அது 35 கிலோகிராமாகும்போது வழக்கை விளைக்கும். காவற்குணம் ஓராண்டுக்கும் இரண்டாண்டுக்கும் இடையில் தானாகவே வெளிப்படும். அதைத் தூண்டுதல் தேவையில்லை.

எவ்வளவு சாதுவான நாயாயினும் சிறு பிள்ளையையும் அதையும் தனியே விடுதல் கூடாது. உண்ணும்போதும், உறங்கும்போதும், குட்டிகளுடன் இருக்கும்போதும் நாயைத் தீண்டலாகாது எனப் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் வேண்டும்.

தடுப்பூசியும் புழு நீக்கலும்

விசர்நோய்த் தடுப்பூசியை மூன்று மாத வயதிலும், பின்னர் ஆண்டுதோறும் போடுவித்தல் வேண்டும். அதற்கு முன்னரே போடப்பட்டிருப்பினும் மூன்றாம் மாதத்தில் மறுபடி போடுதல் அவசியம். பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய கொடிய நோய்களுக்கெதிரான ஊசிகளை 6 தொடக்கம் 8 வார வயதில் ஆரம்பித்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறையாக 16ஆம் வாரம் வரை கொடுப்பர்.

எலிக்காய்ச்சல் நெற்செய்கையாளர் நன்கு அறிந்த நோய். 2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோர் இந்நோய் கண்டதாக அறிவிக்கப்பட்டது. வயல் நீரில் இறங்கும் நாய்க்கும் இது தொற்றும். நோயுற்ற நாயின் சிறுநீரால் வீட்டாருக்கும் பரவலாம். இதற்கும் தடுப்பூசி உண்டு.

குட்டிக்கு இரண்டாம் வாரந் தொடக்கம் எட்டாம் வாரம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறையும், ஆறு மாதம் வரை மாதந்தோறும், அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பூச்சி மருந்து கொடுக்க. நாயின் மலத்திலுள்ள கொளுக்கிப்புழு வெறுங்காலினூடாக மனிதரின் தோலுக்குள் நுழையும். ஆதலால் மரக்கறிப் பாத்திகளில் நாய் மலங்கழிக்க விடாது, மலத்தை அள்ளி ஆழப் புதைத்தல் வேண்டும். கீரைக்கு இடும் கூட்டெருவில் அதைச் சேர்த்தல் கூடாது.

உண்ணியும் பீடைநாசினியும்

உண்ணிகள் இரத்தத்தை உறிஞ்சுவதோடு காய்ச்சலையும் பரப்புகின்றன. முரசு வெளிறுதல், சோர்வு, சிறுநீர் கருஞ்சிவப்பாதல் ஆகியன அதன் குறிகள். காதினுள்ளும் விரலிடுக்கிலும் கிழமைதோறும் தேடிப் பார்க்கவும். உண்ணியை ஒழிக்கப் பயிருக்குத் தெளிக்கும் பீடைநாசினியைக் கரைத்து நாயைக் குளிப்பாட்டுதல் மிக ஆபத்தான வழக்கம். அந்நஞ்சு தோலினூடாக உடலிற் சேர்கின்றது. நாய் தன் உடலை நக்கும்போது வயிற்றிலும் சேர்கின்றது. நாயைத் தழுவும் பிள்ளையின் கையிலும் ஒட்டுகின்றது. நாய்களுக்கென ஆக்கப்பட்ட மருந்தையே வைத்தியரின் அறிவுரைப்படி உபயோகிக்கவும்.

எலிக்கு வைத்த நஞ்சையும், அந்நஞ்சுண்ட எலியையும் நாய் தின்னக்கூடும். இரத்தம் உறையாமற் செய்யும் வகை நஞ்சின் குறிகள் மூன்று நாள் முதல் ஐந்து நாள் சென்ற பின்னரே தோன்றும். அதற்குள் நாய் நலமாகவே காணப்படும். ஆதலால் குறி தோன்றும்வரை காத்திராது, நஞ்சின் பொதியையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியரிடம் செல்க. இதற்கு மாற்று மருந்து உண்டு.

நாய் கடித்துவிட்டால்

விசர்நோய் கண்டபின் மனிதர் பிழைத்தல் மிக அரிது. ஆயினும் அதனை வராமற் காத்தல் எளிது. இலங்கையில் 1973ஆம் ஆண்டில் 300க்கு மேற்பட்டோர் இந்நோயால் இறந்தனர். நாய்களுக்கு ஊசி போடுதல் பரவியதால் இத்தொகை பெரிதும் குறைந்துள்ளது. எனினும் முற்றாக ஒழியவில்லை.

கடியுண்ட இடத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். கீறலாயினும், கடித்தது ஊசி போட்ட சொந்த நாயாயினும், ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதை வைத்தியரே முடிவு செய்தல் வேண்டும். கடித்த நாயைக் கொல்லாது, பிறர் அணுகாதவாறு கட்டிவைத்து 14 நாள் அவதானிக்கவும். நாயின் தடுப்பூசி அட்டை அவ்வேளையில் வைத்தியருக்குப் பேருதவியாகும்.

இனப்பெருக்கத்தைத் தடுத்தல்

பெட்டை நாய் ஏறக்குறைய 63 நாள் சினையாக இருந்து, பெரிய இனமாயின் எட்டுக் குட்டிகளுக்கு மேலும் ஈனக்கூடும். அத்தனைக்கும் நல்ல வீடு கிடைப்பதில்லை. தெருவில் விடப்படும் குட்டிகளே ஊசி போடப்படாத நாய்க் கூட்டமாகப் பெருகுகின்றன. ஆதலால் கருத்தடைச் சிகிச்சை செய்வித்தல் நன்று. பெரிய இனத்துக்கு எலும்பு வளர்ச்சியைக் கருதி, ஏற்ற வயதை மிருக வைத்தியர் தீர்மானிப்பார்.

நாயைப் பதிவு செய்தல் 1901ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி உரிமையாளரின் கடமையாகும். பிரதேச சபையில் அல்லது நகர சபையில் இதனைச் செய்யலாம். தடுப்பூசி போடப்படும் நாளையும் இடத்தையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விசாரித்து அறியவும்.

பெரிய நாய் 10 தொடக்கம் 12 ஆண்டு வரை வாழும். முதலாவது ஆண்டில் அளவான உணவும், உரிய ஊசியும், பொறுமையான பழக்கமும் பெற்ற நாய், எஞ்சிய ஆண்டுகளெல்லாம் சிறு செலவில் வீட்டைக் காக்கும். குட்டியை எடுக்குமுன், இவ்வோராண்டு உழைப்பைக் கொடுக்க வீட்டில் ஒருவர் இருக்கின்றாரா என ஆராய்ந்து பார்த்தல் வேண்டும். இல்லையாயின் சிறிய ஊர் நாய் ஒன்றே அவ்வீட்டுக்கு ஏற்றது. அதற்கும் ஆண்டுதோறும் ஊசி போடுவிக்க மறத்தலாகாது.