வழிநூல் மரபும் தொலைக்காட்சித் தொடரும்

ஒரு நூலின் வழியே மற்றொரு நூல் தோன்றும் முறையைத் தமிழிலக்கண நூலார் நெடுங்காலத்திற்கு முன்னரே ஆராய்ந்துள்ளனர். தொல்காப்பிய மரபியல் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்தும். நன்னூலார் சார்பு நூலையும் வேறாக வைத்து எண்ணுவர். அச்சில் வெளிவந்த அறிவியற் புனைகதைகள் தொலைக்காட்சித் தொடர்களாக உருமாறும் இந்நாளில், இப்பகுப்பு நமக்குப் பயன்படுமோ என்பதே ஈண்டு எம் வினா. இலக்கண நூலார் கருதியது நூலையேயன்றிக் காட்சியை அன்று. ஆதலின் ஒப்புமை முழுதும் பொருந்தும் என யாம் வாதிடவில்லை.

ஆய்வுக்கு உரியதாகச் சீன எழுத்தாளர் லியூ சிசின் இயற்றிய நாவலைக் கொள்வோம். ‘முப்பொருட் சிக்கல்’ எனத் தமிழிற் கூறத்தகும் இந்நாவல் 2006இல் சீன இதழொன்றில் தொடராக வந்து, 2008இல் நூலுருப் பெற்றது. கென் லியூவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2014இல் வெளிவந்து, மறு ஆண்டில் ஹியூகோ பரிசு எய்தியது. இதனைச் சீனாவின் டென்சென்ட் நிறுவனம் 2023இல் முப்பது பகுதிகளாகவும், நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனம் 2024இல் எட்டுப் பகுதிகளாகவும் தொடராக்கின. ஒரே முதல்நூலுக்கு ஓராண்டு இடைவெளியில் இரு வழிநூல்கள் தோன்றியமை ஆய்வாளர்க்கு வாய்த்த நற்பேறே.

கதையின் வேர் 1967ஆம் ஆண்டில் உள்ளது. பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் இயற்பியற் பேராசிரியர் ஒருவரைச் செங்காவலர் மேடையேற்றி அடித்துக் கொல்கின்றனர். அவர்தம் மகள் யே வென்ஜியே அதனைக் கண்ணாரக் காண்கிறாள். பின்னாளில் அவள் வேற்றுலகத்தார்க்கு மறுமொழி விடுத்து, மாந்த இனத்தையே காட்டிக்கொடுத்தற்குக் காரணம் அக்காட்சியே. ஆயினும் சீன நூற்பதிப்பில் இப்பகுதி தொடக்கத்தினின்று நீங்கி நூலின் இடையே வைக்கப்பட்டது. ஆங்கில மொழிபெயர்ப்பாளர் ஆசிரியர் இசைவுடன் அதனை மீண்டும் முன்னே கொணர்ந்தார். மொழிபெயர்ப்பு முதல்நூலின் பழைய உருவத்தை மீட்டுத் தந்தது என்பது வியப்பிற்குரியது.

இவ்விடத்தேதான் இரு தொடர்களும் பிரிகின்றன. முப்பது பகுதிகளில் நாவலை ஏறத்தாழ வரிசை பிறழாது விரித்துரைக்கும் சீனத் தொடர், பேராசிரியரின் கொலையை மட்டும் குறிப்பளவிற் சொல்லிக் கடக்கிறது. எட்டே பகுதிகளில் பலவற்றைக் குறைத்த மற்றைத் தொடரோ, சீன மொழி உரையாடலுடன் அக்கொலைக் காட்சியிலேயே தொடங்குகிறது. எழுத்தெண்ணி முதல்நூலைப் பின்பற்றியது உயிர்நிலையை விட்டுவிட, மனம்போல் மாற்றியது அதனைக் காத்துக்கொண்டது. குற்றம் காட்டப்படுகிறது, குற்றத்தின் காரணம் மறைக்கப்படுகிறது எனின், யே வென்ஜியேயின் அவலம் வெறுங் கொடுமையாகவே எஞ்சும். விரித்தல் என்னும் பெயர்க்குப் பகுதிகளின் எண்ணிக்கை மட்டும் போதாது.

இதனால் நெட்ஃப்ளிக்ஸ் தொடரே சிறந்தது என முடிவு கட்டுதல் கூடாது. நாவலில் வாங் மியாவ் என்னும் நுண்பொருள் ஆய்வாளர் தாம் எடுத்த நிழற்படங்களில் இறங்குமுக எண்கள் தோன்றக் காண்கிறார். அவர் அஞ்சி நின்றுவிடவில்லை. அதே படப்பெட்டியால் மனைவியும் மகனும் எடுத்த படங்களில் எண்கள் இல்லை. வேறு படப்பெட்டியால் தாமே எடுத்தாலோ எண்கள் உள்ளன. ஆகவே பிழை கருவியில் இல்லை, தம்மிடமே உள்ளது என்று தெளிகிறார். காரணங்களை ஒவ்வொன்றாக நீக்கி உண்மை காணும் ஆய்வு நெறி இங்கே கதையாகவே நிகழ்கிறது. படிப்போனும் அவருடன் சேர்ந்து ஆராய்கிறான். அச்சம் அந்த ஆராய்ச்சியின் முடிவாக வருகிறது. நெட்ஃப்ளிக்ஸ் தொடரில் ஆகி என்னும் பெண் ஆய்வாளரின் கண்முன் எண்கள் நேரே மிதக்கின்றன. காண்போர்க்கு நடுக்கம் உண்டு, ஆராய்தற்கு இடமில்லை. அறிவியற் புனைகதைக்கு அறிவியல் என்னும் அடைமொழி எதனால் வந்ததோ அதுவே இம்மாற்றத்தில் கழிந்தது. சீனத் தொடர் இந்நிழற்படச் செய்தியைப் பேணியது என்பதை நடுநிலையோடு கூறல் வேண்டும்.

மற்றொரு மாற்றமும் நோக்கத்தக்கது. நிலம் பெய்ஜிங்கினின்று இங்கிலாந்திற்குப் பெயர்ந்ததோடு, வாங் மியாவ் ஒருவரின் பணி ஆக்ஸ்ஃபோர்டில் உடன்பயின்ற நண்பர் குழுவினரிடையே பகிர்ந்தளிக்கப்படுகிறது. அவருள் சால் என்பான் இரண்டாம் நாவலின் லுவோ ஜியைத் தழுவியவன். வில் என்பான் 2010இல் வந்த மூன்றாம் நாவலின் யுன் தியன்மிங்கைத் தழுவியவன். மூன்று நூல்களின் மாந்தரைத் தொகுத்து, அவர்தம் நட்பையும் காதலையும் விரித்தமையின், இதனைத் தொகைவிரி என வழங்கலாம். முதற்பொருளாகிய நிலம் மாறியும் உரிப்பொருள் பெரும்பாலும் நிலைத்தது. ஆனால் தம் நாட்டின் வடுவைச் சுமந்தோர் அந்நாட்டிலேயே அதன் பயனை நுகரும் இறுக்கம் தளர்ந்துபோயிற்று.

நன்னூலார் வகுத்த வழியே நோக்கின், முதல்நூலின் முடிபோடு ஒத்து, பின்னோன் விரும்பிய வேறுபாடு சில கொள்வதே வழிநூல். ஒருபுடை ஒத்துப் பெரிதும் திரிவது சார்புநூல். நெட்ஃப்ளிக்ஸ் தொடரின் முதற்பருவம் மாந்தரிலும் நிலத்திலும் சார்புநூலை ஒத்தும், கதைமுடிச்சில் வழிநூலை ஒத்தும் நிற்கிறது. தொடக்கக் காட்சியின் பொருட்டு யாம் அதனை வழிநூலாகவே கொள்வோம். சீனத் தொடரும் வழிநூலே; ஆயின் முதல்நூலின் ஓர் ஏட்டை எடுத்து மறைத்துவைத்த வழிநூல்.