சீட்டுக் கேளாத கடை

வீட்டு நாய் நொண்டுகிறது. கால்நடை மருத்துவரோ தொலைவில் இருக்கிறார். கைப்பேசியைத் திறந்தால் வலி மாத்திரை குறைந்த விலையில், சீட்டு எதுவும் கேளாமல் வாயிற்படிக்கே வந்து சேருகிறது. இதில் என்ன தவறு என்று கேட்போர் உண்டு. மலிவு தேடுவது குற்றமன்று. மருத்துவர் எழுதிய சீட்டைக் காட்டி, உரிமம் பெற்ற கடையில் இணையவழி வாங்குவதிலும் பிழையில்லை. சீட்டே கேளாத கடைக்குத்தான் நாம் அஞ்சவேண்டும்.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இத்தகைய கடைகள் பற்றி எச்சரித்தபோது, இரு வகை மருந்துகளைத் தனித்துச் சுட்டியது. ஒன்று, கார்ப்ரோஃபென் போன்ற வலிநீக்கிகள். இவை ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும். ஆகவேதான் மருத்துவர் முன்னதாக இரத்தத்தைச் சோதிக்கிறார். மற்றது, கொசுக்கடியால் பரவும் இதயப்புழுவுக்கான தடுப்பு மருந்து. புழு ஏற்கெனவே குடிபுகுந்த நாய்க்கு இதைக் கொடுத்தால், இரத்தத்திலுள்ள நுண்புழுக்கள் ஒருசேர மடிந்து, அதிர்ச்சியால் நாயே மடியவும் கூடும்.

நீரிழிவுற்ற நாய்க்கு இன்சுலின் வாங்குவோர் இன்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும். விலங்குகளுக்கான இன்சுலின் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 அலகு கொண்டது. மனிதருக்கு 100 அலகுக் குப்பியும் உண்டு. சிரிஞ்சும் அதற்கேற்ப வேறுபடும். 100 அலகு மருந்தை 40 அலகு சிரிஞ்சில் அளந்தால் இரண்டரை மடங்கு உள்ளே சென்றுவிடும். சர்க்கரை தாழ்ந்து வலிப்பு வரும். மேலும், இம்மருந்து 2 முதல் 8 டிகிரிக் குளிர்ச்சியில் இருக்கவேண்டியது. வெயிலில் பொட்டலமாய் அலைந்து வந்த குப்பியின் வீரியம் குன்றியிருந்தாலும், கண்ணால் பார்த்து அதை அறிய இயலாது.

இனத்துக்கு இனம் உடலும் வேறு. கோலி இன நாய்கள் பலவற்றில், மூளைக்குள் மருந்து புகாமல் காக்கும் மரபணு பழுதுற்றிருப்பது 2001-இல் கண்டறியப்பட்டது. சொறிக்கென அதிக அளவில் தரும் ஐவர்மெக்டின் அவற்றை மயக்கத்தில் ஆழ்த்திவிடும்.

பூனையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. நம் வீட்டு அலமாரியில் கிடக்கும் பாராசிட்டமால் ஒரே மாத்திரை அதைக் கொல்லப் போதும். அதைச் செரித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. (இதற்குக் கைப்பேசிகூடத் தேவையில்லை, பாருங்கள்!) ஈறு பழுப்பேறி, முகம் வீங்கி, மூச்சுத் திணறினால் ஒரு நொடியும் தாமதியாதீர்கள். அசிட்டைல்சிஸ்டீன் என்னும் முறிவு மருந்து உண்டு. மருத்துவரிடம் விரையும்போது, கொடுத்த மாத்திரையின் அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.