அப்பாவை நோயாளி ஆக்கிய டியூப் லைட்

போன சித்திரையில் அப்பாவை வீடியோ எடுத்தேன். மதுரை புதுமண்டபத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் தையல் மெஷின் மிதித்தவர். அந்தக் கதைகளை அவர் வாயாலேயே பதிவு பண்ணி வைக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. ஹாலில் நாற்காலியில் உட்கார வைத்து, மொபைலைக் கையில் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் பேச விட்டேன். போட்டுக் காட்டியதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "என்னடா இது, எனக்கு என்ன சீக்கா?"

உண்மையில் அப்படித்தான் இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே பேசுகிறார். பார்க்கிற நமக்குப் பரிதாபம் வருகிறது. நான் எதையும் சேர்க்கவில்லையே, இருந்ததைத்தானே எடுத்தேன்? இந்தக் கேள்வியோடு கொஞ்ச நாள் படித்தும், படங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தும் புரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் தப்பு, உயரம். அவர் உட்கார்ந்திருந்தார், நான் நின்றிருந்தேன். காமிரா மேலிருந்து குனிந்து பார்த்தது. நெற்றி பெரிதாகி, தோள் சுருங்கி, மனுஷன் சின்னதாகிப் போனார். படுக்கைக்குப் பக்கத்தில் நின்று ஒருவரைப் பார்க்கும் பார்வை அது.

இரண்டாவது, தூரம். குரல் தெளிவாக வரணும்னு முகத்துக்கு 40 சென்டிமீட்டர் கிட்டே போனேன். மூக்கு நுனியிலிருந்து காது 12 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40-க்கும் 52-க்கும் உள்ள விகிதம் 1.3. அதாவது காதோடு ஒப்பிட்டால் மூக்கு 30 சதவீதம் பெரிதாகத் தெரியும். 2 மீட்டர் தள்ளி நின்றால் வித்தியாசம் வெறும் 6 சதவீதம். லென்ஸ் முகத்தைக் கோணலாக்குகிறது என்கிறோம்; அதைச் செய்வது பெரும்பாலும் தூரம்தான். தள்ளி நின்று ஜூம் பண்ணினால் முகம் முகமாக இருக்கும்.

மூன்றாவதுதான் பெரிய தப்பு, ஒளி. தலைக்கு மேலே டியூப் லைட். மேலிருந்து விழும் ஒளி புருவத்தில் தடுக்கப்பட்டு, கண் இருக்கும் குழியில் நிழல் கட்டிவிடும். போதாததற்கு அது நீலம் கலந்த வெள்ளை. எங்க வீட்டுச் சுவரோ வெளிர் பச்சை. அந்தப் பச்சையும் முகத்தில் பட்டுத் தெறித்தது. அப்புறம் சீக்காளி மாதிரி இல்லாமல் வேறெப்படி இருப்பார்?

இதை வெளியிலேயே சோதித்துப் பார்க்கலாம். மதுரையில் ஏப்ரல் நடுவில், பகல் 12:15 வாக்கில் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேர் மேலே இருக்கும். அப்போது தெப்பக்குளத்துப் பக்கம் யாரையாவது போட்டோ எடுத்துப் பாருங்கள், கண்ணே இருக்காது.

ஆனால் இதே மேல் ஒளியை வேண்டுமென்றே வைத்தவர்களும் உண்டு. 1972-இல் வந்த காட்ஃபாதரில் ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ், மார்லன் பிராண்டோவுக்கு மேலிருந்துதான் ஒளி கொடுத்தார். பல இடங்களில் அவர் கண் தெரியாது. என்ன நினைக்கிறார் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாத ஆள் என்ற பயம் அதிலிருந்தே வருகிறது. பி.சி.ஸ்ரீராம் தேசிய விருது வாங்கிய நாயகனிலும் (1987) வேலு நாயக்கர் முகத்தில் இந்த மேல் ஒளியைப் பார்க்கலாம்.

அப்படியானால் அங்கே அதிகாரமாகத் தெரிந்தது எங்க வீட்டில் ஏன் நோயானது? அங்கே சுற்றிலும் இருட்டு, இதமான பழுப்பு நிறம், காமிரா குனிந்து பார்ப்பதில்லை. இங்கே வெளிறிய சுவர், குனிந்து பார்க்கும் காமிரா. மேல் ஒளிக்கு இதுதான் அர்த்தம், கீழ்க்கோணத்துக்கு அதுதான் அர்த்தம் என்று அகராதி எதுவும் கிடையாது. எல்லாம் சேர்ந்துதான் ஒரு உணர்ச்சியைச் சொல்கின்றன.

இது அப்பாவின் முகத்தோடு நிற்கிற விஷயமும் இல்லை. சென்னை ஆபீசில் ஊர் மதுரை என்று சொன்னால், "பையில அருவா இருக்கா பாஸ்?" என்று சிரிப்பார்கள். அந்த மதுரை சினிமா கொடுத்த மதுரை. சசிகுமார் இயக்கி, எஸ்.ஆர்.கதிர் ஒளிப்பதிவு செய்த சுப்ரமணியபுரத்தை (2008) எடுத்துக்கொள்ளுங்கள். காதல் பாட்டில் நல்ல பகல் வெளிச்சம், கிட்டத்தில் முகங்கள், பார்வை, புன்சிரிப்பு; தெரு நம்மை வா என்கிறது. ஒரு கும்பல் அழகரைத் துரத்தும்போது அதே ஊர்ச் சந்துகள் தப்பிக்க வழியில்லாத பொறியாகிவிடுகின்றன. பார்த்தவர்கள் நினைவில் எந்தத் தெரு நின்றது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

சரி, வீட்டுக்கு வருவோம். சத்யஜித் ராயின் அபராஜிதோவுக்காக (1956) காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவில் செட் போட்டார்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை வானம் போல இழுத்துக் கட்டி, விளக்குகளை அதன்மேல் அடித்து, தெறித்து வரும் ஒளியில் படமெடுத்தார். விளக்கு எவ்வளவு பெரிய பரப்பாக இருக்கிறதோ அவ்வளவு மென்மையாக நிழல் விழும். அதைப் படித்ததும் எனக்கு அப்பாவின் வெள்ளை வேட்டி ஞாபகம் வந்தது.

இரண்டாவது தடவை டியூப் லைட்டை அணைத்தேன். நாற்காலியை எங்கே போடலாம் என்று நான் யோசிப்பதற்குள் அப்பாவே ஸ்டூலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஊசியில நூல் கோக்க எந்தப் பக்கம் உக்காரணும்னு எனக்குத் தெரியாதா?" பக்கவாட்டில் ஒளி விழுந்தால்தான் துணியின் இழை தெரியும், தையல் வளைந்திருந்தால் கண்ணில் படும் என்றார். முகத்துக்கும் அதே கணக்குதான். இதைத் தெரிந்துகொள்ள நான் அத்தனை பக்கம் படித்திருந்தேன்.

வெயில் நேராக அடித்ததால் ஜன்னலில் வேட்டியைக் கட்டினேன். மொபைலை அவர் கண் உயரத்தில் வைத்து, 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்தேன். தள்ளிப் போனதில் குரல் தேய்ந்தது. சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்று வாங்கவேண்டி வந்தது. செலவு அது ஒன்றுதான்.

போட்டுக் காட்டினேன். முகத்தைப் பற்றி அப்பா ஒன்றுமே சொல்லவில்லை. முழுசாகப் பார்த்துவிட்டு, "காஜா எடுக்கிற கதைய விட்டுட்டேன்டா, மறுபடி எடு" என்றார்.